கோயிலுக்குப் பின்னால் தோண்ட வேண்டாம்

மகன்,

இதை ரெயினில் நின்றுகொண்டு வாசிக்காதே. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கதிரையில் இருந்து வாசி. தமிழ் எழுத்து வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான்தானே. நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொல்ல ஏலாது. இந்த வீட்டில் நான் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் அப்பாவுக்குக் கேட்கும், உன் குரல் போனுக்குள்ளால் வருவது அவருக்குக் கேட்கக் கூடாது. ஏன் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மெசேஜ் போட்டால் பாதியை வாசித்துவிட்டு உடனே அழைப்பாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா?

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வரும். இங்கிலாந்தில் உன்னோடு வேலை செய்யப் போகிறவர்கள் அந்தக் கோயிலுக்குப் பின்னால் தோண்ட ஆயத்தப்படுத்துகிறார்கள் என்று நேற்றுச் சொன்னாய். அதை நிறுத்து. அப்பா அந்தக் குதிரைச் சாமானைக் கண்டெடுத்த இடம் அது இல்லை. அங்கே எவ்வளவு ஆழம் போனாலும் உனக்குக் குதிரையும் வராது, சேணமும் வராது. ஆற்றங்கரை வயலில் எங்களுக்கு இனி அலுவல் இல்லை, அங்கே கட்டட வேலைக்குக் கிரவல் கல் அள்ளுகிறவர்கள் தங்கள் வேலையைத் தொடங்கலாம் என்று எழுதப் போகிறோம் என்றும் சொன்னாயே, அதையும் இன்றைக்கே தடு. அந்த இரண்டையும் செய்துபோட்டு மிச்சத்தை நாளைக்கு வாசித்தாலும் எனக்குக் கோபம் இல்லை.

கிழக்கு இங்கிலாந்தில் நாங்கள் இருந்த ஊர் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். அப்பாவுக்குக் கரட்டும் கோவாவும் கழுவிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை, எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை. பக்கத்து வீட்டில் கொலின் என்று ஒரு வயதான மனுசன். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு, கமக்காரர்களிடம் அனுமதி வாங்கி, உழுத வயல்களில் திரிவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. உன் அப்பாவையும் அதற்குள் இழுத்துவிட்டார். ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் மன்னாரில் இந்த மெஷினைப் பிடிக்கிறவன் கண்ணிவெடி எடுக்கிறவன், நீங்கள் என்னடாவென்றால் விளையாட்டுக்குத் தூக்கித் திரிகிறீர்கள் என்று நான் ஏசுவேன். அவர் சிரிப்பார். இந்த ஊர் மண்ணுக்குள் கிடக்கிறதெல்லாம் எப்போதோ செத்துப்போனது, அது ஒருவரையும் ஒன்றும் செய்யாது என்பார். பித்தான், ஆணி, தேய்ந்த காசு, லாடம் என்று எங்கள் சன்னல் விளிம்பு முழுக்கக் குப்பை.

ஒரு மாரிகாலத்து ஞாயிறு, கொலின் இடுப்பு வலியோடு படுத்துவிட்டார். அப்பா தனியாகப் போனார். இருட்டுவதற்கு முன்னரே வந்துவிட்டார், அது வழக்கம் இல்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து, கைலேஞ்சிக்குள் இருந்து ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற ஒரு துண்டு. மண்ணுக்குள்ளால் பச்சையாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதிலே ஒரு மிருகம், கழுத்தைப் பின்னுக்குத் திருப்பித் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நின்றது. நாயா, சிங்கமா, ஒன்றும் சொல்ல ஏலாது. அதன் காலுக்கும் வயிற்றுக்கும் இடையில் கொடிபோல ஏதோ சுற்றிப் படர்ந்திருந்தது. பித்தளை என்றால் எனக்குத் தெரிந்தது புளிதான். திருநாளுக்கு முதல் கோயில் மெழுகுதிரித் தண்டுகளைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி வளர்ந்தவள் நான். ஓடிப்போய்ப் புளியை ஊறப்போட்டுக்கொண்டு திரும்பினால், மனுசன் அந்தச் சாமானைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீ அவருடைய காலைக் கட்டிக்கொண்டு துள்ளுகிறாய். தேய்த்தால் அதன் உயிர் போய்விடும், மேலே ஒட்டியிருக்கிற தங்கப்பூச்சும் போய்விடும் என்று கொலின் சொல்லி வைத்திருந்தாராம். கடைசியில் அந்தப் புளியில் நான் மீன்குழம்பு வைத்தேன்.

அது என்ன என்று சொன்னவரும் கொலின்தான். குதிரையில் ஏறுகிறவன் கால் வைக்கிற அங்கவடி இருக்கிறதே, அந்த இரும்பு வளையமும் சேணத்தில் இருந்து தொங்குகிற தோல்வாரும் சேருகிற இடத்தை மூடிப் பிடிக்கிற அலங்காரத் துண்டு அது. ஆயிரம் வருசத்துக்குக் கிட்டப் பழையதாம். கடலுக்கு அப்பால் இருந்து கப்பலில் வந்த வடதேசத்து ஆட்களுடைய மோஸ்தரில் அந்த ஊர்க் கொல்லர்கள் செய்தவையாம். ஆணித் துளைகளில் இரும்புத் துரு அப்பிக் கிடந்தது. மன்னாரில் பிறந்தவர்களுக்குத் தெரிந்தது கழுதைதான், ஊர் முழுக்கத் தெருவிலே திரியும், அதில் ஏறுகிறவனுக்கு அங்கவடி எதற்கு என்று நான் பகிடி பண்ணினேன். அப்பா சிரிக்கவில்லை. இதைக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு போனவன் ஒருத்தன் இருந்திருக்கிறான், அவன் விழுந்தானோ, இது மட்டும் அறுந்து விழுந்ததோ தெரியவில்லையே என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாவட்டத்தில் இப்படிச் சனங்கள் கண்டெடுக்கும் பொருள்களைப் பதிந்து வைக்க ஒரு பெண் இருந்தார். கொலின் சொல்லி அப்பா கொண்டுபோனார். அந்தப் பிள்ளை படம் எடுத்து, அளந்து, நிறுத்து, பிறகு ஒரு வரைபடத்தை விரித்து, சரியாக எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. அப்பா காட்டினார். எடுத்த இடத்துக்கு எட்டத்தில், மேட்டுப் பக்கத்தில், அவர் வாழ்க்கையில் காலே வைக்காத ஒரு வயலைக் காட்டினார். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் காட்டியிருப்பார். வீட்டுக்கு வந்து கழிப்பறைக்குள் போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். காய்ச்சலாக்கும் என்று நான் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோனால், தேத்தண்ணியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். கலியாணம் கட்டி அவ்வளவு காலம் சொல்லாததைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளையும் சிரிச்சுக்கொண்டுதான் கேட்டது" என்றார். "அவனும் அப்பிடித்தான் கேட்டவன்."

மகன், அன்ரன் சித்தப்பா கடலில் போனவர் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். சுவரில் இருக்கும் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தும்போதெல்லாம் நீயும் அப்படித்தான் செபித்தாய். அவர் கடலில் போகவில்லை. அப்பா அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்த இளந்தாரி, சித்தப்பா அவரைவிடச் சின்னவர். சண்டைக் காலம், ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். சித்தப்பா பயத்தில் ஒளித்துவிட்டார். ஒரு குற்றமும் செய்யாதவர், வெறும் பயம். அப்பாவை ஒரு அதிகாரி தனியாகக் கூப்பிட்டு, கதிரை கொடுத்து இருத்தி, பால் தேத்தண்ணி கொடுத்து, நல்ல தமிழில் கதைத்திருக்கிறார். ஒளிக்கிறவனைத்தான் எங்கள் ஆமிப் பெடியள் சந்தேகப்படுவார்கள், இடத்தைச் சொன்னால் நானே போய் மரியாதையாகக் கூட்டிவந்து, விசாரித்துவிட்டுப் பொழுதுபடுவதற்குள் விடுகிறேன் என்றாராம். மேசையில் கரையோரத்து வரைபடம் ஒன்றை விரித்தாராம். அப்பா நம்பினார். தம்பியில் பிழை இல்லை, உண்மையைச் சொன்னால் அவனைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார். விரலை வைத்தார். அடுத்த ஊர்க் கோயிலுக்குப் பின்னால், கருவாடு போடுகிற வாடிக்குள் இருக்கிறான் என்றார்.

சித்தப்பாவை அங்கிருந்து கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்பா முகாம் வாசலில் போய்ப் போய் நின்றார், ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. அந்த அதிகாரியை அவர் பிறகு காணவே இல்லை. உன்னுடைய படிப்பில், கிடந்த இடம் தெரியாத சாமான் பாதி செத்த சாமான் என்று எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினாய். நீ அதை விளங்கப்படுத்தும்போது எனக்குள் என்ன போனது என்று நீ அறியமாட்டாய். உன் சித்தப்பாவுக்கு மண்ணிலே ஒரு இடம் இல்லை. எங்களுக்குப் பூப்போடவும் இடம் இல்லை, இங்கேதான் இருக்கிறார் என்று நினைத்து அழவும் இடம் இல்லை. அதைப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அவருக்கு நினைவு இருந்தவரைக்கும் நான் அதைக் காத்தேன்.

இப்போது உனக்கு எல்லாம் விளங்கும். எங்கள் வீட்டுப் பகிடியெல்லாம் எங்கே இருந்து வந்தது என்று விளங்கும். அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகும், டண்டினொங் சந்தையில் வாங்கின மீனை அடுத்த வீட்டு அன்ரிக்கு வேறு எங்கோ வாங்கினேன் என்பார். டொக்டரின் வரவேற்பில் விலாசம் கேட்டால் வீட்டு இலக்கத்தை மாற்றிச் சொல்வார். யாராவது வழி கேட்டால் எதிர்ப்பக்கம் கையைக் காட்டுவார். இந்த மனுசனிடம் வழி கேட்டவன் கடலில் போய்த்தான் விழ வேண்டும் என்று நான் சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார், பாவம். ஒருவர் எங்கே என்று கேட்டால் அவருடைய வாய் உண்மையைச் சொல்லாது, அவ்வளவுதான். மீனோ, வீடோ, மனுசரோ, கேட்கிறவர் யாரோ, அந்த வாய்க்கு வித்தியாசம் இல்லை.

நீ கிளேட்டனில் பல்கலைக்கழகம் படிக்கப் போய், எல்லாப் படிப்பையும் விட்டுவிட்டு இந்தக் குதிரைச் சாமான்களைப் பிடித்துக்கொண்டபோது நான் தலையில் கைவைத்தேன். அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் துருப்பிடித்த அங்கவடிக்கு ஆராய்ச்சியா, ஐரி, கொம்பியூட்டர் படித்திருக்கலாமே என்று கேட்காத சனம் இல்லை. ஆனால் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீ உன் துறையில் முதன்முதலாகப் பேசின அன்று கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து இருந்தார். திரையில் வரைபடத்தைப் போட்டாய். அங்கே நிறையப் புள்ளிகள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மெஷினோடு நடந்து கண்டெடுத்த ஒரு துண்டு, எல்லாம் ஆறுகளையும் பழைய பாதைகளையும் ஒட்டிக் கிடந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக மேட்டிலே. இது என் அப்பா எடுத்தது, இந்தக் குதிரைக்காரன் மட்டும் ஏன் இங்கே வந்தான் என்று தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டு சொன்னாய், எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா என் பக்கம் குனிந்து, அங்க இல்லை என்றார். நான் அவருடைய தொடையில் கிள்ளினேன்.

பிறகு மறதி வந்தது. அந்த நோய் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் என்று நான் நினைத்தேன். அது அப்படி எடுப்பதில்லை. காவலை முதலில் எடுத்துவிட்டு, காவல் வைத்த சாமானை உள்ளே விட்டுவிட்டது. போன குளிர்காலத்தில் நீ பொயிண்ட் குக்கில் உன் வீட்டில் இருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது, ரீவி பார்த்துக்கொண்டிருந்தவர் சும்மா இருந்தாற்போல, "நான் அதை அந்த மேட்டில எடுக்கேல்ல" என்றார். நீ கரண்டியை வைத்தாய். உன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உன்னை நான் குறை சொல்லவில்லை. அது உன் தொழில். அந்த ஆற்றங்கரையில் கிரவல் தோண்டப் போகிறார்கள், அப்பாவின் துண்டு அங்கே கிடந்தது என்று தெரிந்தால் முதலில் உங்கள் ஆட்கள் தோண்டிப் பார்க்க விடுவார்கள், ஒருவேளை ஆற்றைக் கடக்கும்போது விழுந்த குதிரைக்காரனே அங்கே கிடக்கலாம் என்று எனக்குச் சொன்னாய். இடத்தைச் சொல்லக்கூடிய மனுசன் உலகத்தில் ஒருவர்தான், கொலினும் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த ஒருவரின் நினைவும் மாதத்துக்கு மாதம் கரைகிறது. நீ அவசரப்பட்டதில் நியாயம் இருக்கிறது. கிழமைதோறும் வந்தாய். ஆகாயத்தில் இருந்து எடுத்த படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தாய். அவர் ஒருநாள் கிணறு என்றார், ஒருநாள் பனை என்றார். இங்கிலாந்தில் எங்கே பனை? நீ பொறுமையாகத்தான் இருந்தாய். அப்பாவை நல்ல கதிரையில் இருத்தி, நீயே தேத்தண்ணி ஊற்றி, பால் விட்டு, கையிலே கொடுத்து, முதலில் கிரிக்கெட் கதைத்து, சிரித்து, பிறகு படத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டுங்கோ அப்பா என்று கேட்பாய். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வரும். சத்தியம் ஒரு பக்கம், நீ இங்கிலாந்துக்குப் போகிற சந்தோசம் ஒரு பக்கம், அவர் என்னைப் பார்க்கிற பார்வை ஒரு பக்கம்.

நீ கடைசியாக வந்த அந்த ஞாயிறு நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உங்கள் இரண்டு பேருடைய சத்தமும் பொரிகிற சத்தத்தில் கலந்து கேட்டது. திடீரென்று நீ கூப்பிட்டாய்.

"அம்மா, வாடி எண்டா என்ன?"

நான் திரும்பியும் பார்க்காமல், கொட்டில்தான், சாமான் போட்டு வைக்கிற இடம் என்று சொன்னேன். எண்ணெயில் இருந்து மீனை எடுக்கிற அவசரம். நான் கையைத் துடைத்துக்கொண்டு வர, நீ எழும்பி நிற்கிறாய், முகம் முழுக்கச் சிரிப்பு. கோயிலுக்குப் பின்னால், கொட்டிலுக்குக் கிட்ட, அம்மா, இங்கிலாந்தில் அந்த ஊரில் கோயில் இருக்கிறது, அதற்குப் பின்னால் பழைய தானியக் கொட்டிலும் இருக்கிறது, டன், அம்மா, டன் என்றாய். அப்பாவின் நெற்றியில் கொஞ்சினாய். படங்களைச் சுருட்டிக்கொண்டு, இப்போதே அவர்களுக்கு எழுத வேண்டும் என்று சாப்பிடாமலே ஓடினாய். நீ அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. உன்னைச் சேர் என்று, ஒரு பெரிய அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாரே, அது உனக்குக் கேட்டதா? கேட்டிருந்தாலும் பகிடி என்று நினைத்திருப்பாய்.

அவருடைய காற்சட்டை நனைந்திருந்தது. குளிக்க வார்க்கிற கதிரையில் இருத்தி நான் தண்ணீர் ஊற்றினேன். கையை எடுத்துத் தலையின் பின்னால் கோத்துக்கொண்டார், நான் எவ்வளவு சொல்லியும் இறக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு என்னை யாரோ அந்நிய மனுசியைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சொன்னார்.

"அன்ரனைக் காட்டிக் குடுத்திட்டன்."

நீ குறித்துக்கொண்டு போன கோயில் இங்கிலாந்தில் இல்லை, மகன். அது மன்னாரில் இருக்கிறது. அவர் உனக்கு எதையும் ஒளிக்கவில்லை. அத்தனை வருசமும் ஒருவருக்கும் உண்மை சொல்லாத வாய், கடைசியில் உனக்குத்தான் உண்மையைச் சொன்னது. கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று. அந்த மனுசன் தன்னுடைய வாழ்க்கையில் இரண்டாம் முறையும் தம்பியைக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது அந்த ஞாயிறும் நடந்தது, இன்றைக்கும் நடக்கிறது. அவரை ஆற்ற எனக்குத் தெரியவில்லை. அன்ரன் வீட்டில் இருக்கிறார், சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார் என்றெல்லாம் பொய் சொல்லிப் பார்த்தேன். என்னுடைய பொய் அவரிடம் எடுபடாது, அதிலே அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

சரியான இடம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு அவருடைய பூட்ஸைக் கழுவினவள் நான். கறுத்த களி, அடியிலே ஒட்டின சின்னச் சின்ன நத்தைக் கோது, குசினித் தொட்டி அடைத்துவிட்டது என்று அவரைத் திட்டித் தீர்த்தேன். மேட்டு மண் அப்படி இருக்காது, கோயில் பக்கத்து மண்ணும் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன், நீதான் படித்தவன், நீ பார்த்துக்கொள். அதை வைத்து ஒரு வயலைக் குறிக்க ஏலாது. ஆற்றங்கரையை விட்டுக்கொடுக்காமல் இருக்க மட்டும் அது போதும். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். என் அப்பாவுக்கு மறதி வருத்தம், நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று எழுது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குதிரைக்காரன் கிடைக்காமலே போகலாம், அந்த வயலை வாரிக்கொண்டு போய் யாருடைய வீட்டு வாசலிலோ கொங்கிரீட்டாகக் கொட்டலாம். அதற்கு நீ தயாராக இரு. எல்லா இடத்தையும் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

இனி நான் சொல்லப் பயந்துகொண்டிருந்ததற்கு வருகிறேன். இந்த இரண்டு கிழமையாக நீ அழைக்கும்போதெல்லாம் அப்பா நித்திரை என்று சொன்னேன். அவர் நித்திரை இல்லை. உன் குரல் கேட்டால் எழும்பிப் போய் உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். நான் போய்க் கூப்பிட்டால் வாயில் விரலை வைக்கிறார். படத்தோடு வருகிற அந்தப் பெடியன் வந்தால் தான் இல்லை என்று சொல்லச் சொல்கிறார். அந்தப் பெடியன் உங்களுடைய மகன் என்று சொன்னேன். மகனுக்கு அப்படி ஒரு வேலை இல்லை, என் மகன் சின்னப் பிள்ளை என்றார். நீ தோளில் தூங்கின பிள்ளை, அவருடைய காலைக் கட்டிக்கொண்டு துள்ளின பிள்ளை. அந்தப் பிள்ளையை அவர் மறக்கவில்லை. அதை நினைத்து அழுவதா சந்தோசப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

விமானம் ஏற முன்னர் சொல்லிவிட்டுப் போக வருவாய். வர வேண்டாம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எழுதிய தாளைக் கிழித்தேன். நீ திரும்பி வரும்போது அவர் எப்படி இருப்பாரோ, யாருக்குத் தெரியும். வா. பகலில் வா. பையும் வேண்டாம், பேனையும் வேண்டாம். தேத்தண்ணியை நீ ஊற்றாதே, நான் கொடுக்கிறேன். அவருக்கு முன்னால் இருக்காதே, பக்கத்தில் இரு. கேள்வி ஒன்றும் கேளாதே. என்னைத் தெரியுதா அப்பா என்றுகூடக் கேளாதே, அதுவும் அவருக்கு விசாரணைதான். உன் கையைப் பிடித்தால் பிடிக்கட்டும். பிடிக்காவிட்டால் சும்மா இரு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பு.

உன்னைச் சேர் என்று கூப்பிட்டால் திருத்தாதே. நான் மகன் என்று சொல்லி அவரை மேலும் குழப்பாதே. அந்த அதிகாரி திரும்பி வந்து ஒரு சொல் சொல்லுவார் என்று அவர் காத்திருக்கிறார், வேறு ஒருவரும் சொன்னால் எடுபடாது. உனக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும், பெற்றவள் கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறேன். அந்த மனுசனாகவே இருந்து, அவருடைய முகத்தைப் பார்த்து இதை மட்டும் சொல்லிவிட்டுப் போ: "கோயிலுக்குப் பின்னால போய்ப் பார்த்தனாங்கள். அங்க ஒருத்தரும் இல்லை. நீங்கள் வீட்ட போகலாம்."

அம்மா